எச்சிலில் முரசு நோய் தேடிய கதை

வாசிகசாலை முகாமில் செய்த எச்சில் பரிசோதனையில் ஒரு கோடுதான் வந்தது, ஆகவே முரசுக்கு, அதாவது பல் ஈறுக்கு, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஒழுங்கையில் இன்னும் சிலர் திரிகிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றப்படி, வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் அனுப்புகிற பரிசோதனைப் பெட்டியை வைத்து ஊரில் முகாம் நடத்த நினைக்கும் சங்கங்களுக்கும், யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கத்தில் எங்கள் வாசிகசாலை பட்ட பாடு கொஞ்சம் உதவலாம்.

ஜேர்மனியில் ஒரு பல் டொக்டரிடம் உதவியாளராக இருக்கும் என் மச்சாள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது ஒரு பெட்டியையும் கொண்டுவந்தார். உள்ளே முழுக்க முரசு நோய்ப் பரிசோதனைக் கருவிகள். நானும் வாசிகசாலையில் செயலாளர், எங்களுக்கும் வருடா வருடம் ஏதாவது ஒரு மருத்துவ முகாம் வைக்கிற பழக்கம் இருக்கிறது. பிரஷர் பார்ப்போம், சீனி பார்ப்போம், யாராவது காசு தந்தால் கண்ணாடி கொடுப்போம். கண்ணாடி என்றால் சனம் காலை ஆறு மணிக்கே வந்து நிற்கும். பல்லுக்கு என்று ஒருமுறை வைத்தபோது கதிரைகள்தான் வந்தவை, ஆட்கள் வரவில்லை, பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். துப்பினால் போதும், வாய்க்குள் ஒன்றும் விட மாட்டோம் என்று அறிவித்தால் வருவார்கள் என்று நினைத்தோம், அது சரியாகவே இருந்தது. இந்தப் பரிசோதனையின் பெரிய பலமே அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், ஆட்களைக் கூட்டி வருவது.

இதில் பார்ப்பது என்ன என்பதை மச்சாள் எங்களுக்குச் சொல்லித்தந்த மாதிரியே சொல்கிறேன். பல்லைச் சுற்றி அழுக்குப் படலம் நிற்கும்போது அதிலுள்ள கிருமிகளோடு சண்டை போட வெள்ளை அணுக்கள் முரசுக்குள் வருகின்றன. வந்தவை எம்.எம்.பி-8 என்ற ஒரு நொதியை வெளியே விடுகின்றன. பல்லை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் நார்களில் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறதல்லவா, அதை வெட்டுகிற நொதி அது. அளவோடு இருந்தால் பழுது பார்க்கிற வேலைக்கு உதவும், கூடிப்போனால் எங்கள் சொந்தத் தசையையே கரைத்துவிடும், அதாவது முரசைத் தின்பதில் கிருமிக்கு உள்ள பங்கை விட எங்கள் உடம்பு காட்டுகிற கோபத்தின் பங்கும் குறைவில்லை. அந்த நொதி முரசு இடுக்கு வழியாக எச்சிலில் கலக்கிறது. பின்லாந்தில், ஹெல்சின்கியில் நெடுங்காலம் ஆராய்ந்து இதைக் கண்டுபிடிக்கிற கருவியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேலை செய்யும் நொதியின் அளவு ஒரு மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமுக்கு மேலே போனால் இரண்டாவது கோடு விழும்.

கருவியைப் பார்த்தால் கொரோனா காலத்து அன்டிஜன் கருவி மாதிரியே இருக்கும். அதே வெள்ளைப் பிளாஸ்டிக், அதே சின்னக் குழி, அதே கோடு. வரிசையில் நின்ற ஒரு ஆச்சி, "தம்பி, இது கொரோனாவோ? நான் அப்பவே ஊசியெல்லாம் போட்டுட்டன்" என்று திரும்பிப் போகப் பார்த்தார், இருத்தி வைக்கப் பெரும்பாடு பட்டோம்.

செய்முறை லேசு. முதலில் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும், பிறகு கருவியோடு வரும் சுத்தமான நீரை வாயில் விட்டு அரை நிமிடம் எல்லாப் பக்கமும் உலாவவிட்டுச் சின்னக் கோப்பையில் துப்ப வேண்டும். அதை வடிகட்டி உள்ள ஊசிக்குழாயால் உறிஞ்சிச் சில சொட்டுக் குழியில் விட்டால் ஐந்து நிமிடத்தில் பதில். எழுத்தில் இவ்வளவுதான். ஊரில் செய்யும்போது வேறு கதை.

வெற்றிலை போடுகிறவர்கள் வந்தார்கள். வாயெல்லாம் சிவப்பு, துப்பின நீரும் சிவப்பு, குழியில் விட்டால் தாள் முழுவதும் நிறம் ஏறிவிடுகிறது, கோடு இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர்களுக்குச் செய்யாமலே விட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் போடுகிறவருக்கு எச்சில் கருவி தேவையில்லை, நேரே பல் வைத்தியர் வாயைத் திறந்து கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் எவ்வளவு அதிகம் என்பது தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளைத் தழும்பு, ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம், இதெல்லாம் எந்த முரசுக் கருவியிலும் கோடாக விழாது.

அடுத்தது வாய் காய்ந்தவர்கள். பிரஷர் குளிசை, ஒவ்வாமைக் குளிசை, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசை என்று பலவற்றால் எச்சில் குறையும். கொப்பளிக்கிற வகைக் கருவி என்றபடியால் சமாளித்தோம். எச்சிலை அப்படியே ஒரு குழாயில் சேர்க்கச் சொல்லும் வகை என்றால் வயதானவர்களை அரை மணி நேரம் குனிய வைத்திருக்க வேண்டி வந்திருக்கும். வேறு பரிசோதனைகளில் மெழுகைச் சப்பவைத்து எச்சில் ஊறச் செய்கிறார்கள், கட்டுப்பல் வைத்தவர்களுக்கு அதுவும் சிரமம்.

வெயிலை யாரும் யோசிக்கவில்லை. பெட்டியில் எந்த வெப்பநிலை வரை வைக்கலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது, ஆனால் கொண்டுவந்த வாகனத்தை வைரவர் கோயிலடியில் நிழல் இல்லாமல் விட்டுவிட்டார்கள். மச்சாள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் இருந்தவற்றை ஒதுக்கி வைத்தார். ஒதுக்கியதும் சரிதான், ஏனென்றால் சூடுபட்ட கருவி பொய் சொன்னாலும் அதன் முகத்தில் ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் விழ வேண்டிய முதல் கோடான கட்டுப்பாட்டுக் கோடு விழுந்தால் நீர் ஓடியிருக்கிறது என்று தெரியும், பிடிக்க வேண்டியதைப் பிடித்ததா என்று அதில் முழுக்க நம்ப முடியாது. அதோடு நேரம். குறித்த நேரத்துக்குப் பிறகு பார்க்கக் கூடாது. எங்கள் பெடியன் ஒருவன் தேத்தண்ணி குடிக்கப் போய் வந்து பார்த்து, மெல்லிய கோடு ஒன்றைக் கண்டுபிடித்துச் சனத்தைப் பயப்படுத்திவிட்டான். ஒருவர் நேரம் பார்க்க, இன்னொருவர் எழுத, மூன்றாமவர் ஆளை வெளியே அனுப்ப என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் சீரானது.

இன்னொன்றும் உண்டு. பதிலை எல்லோருக்கும் கேட்கச் சொல்லக் கூடாது. "உனக்கு ரெண்டு கோடாம்" என்று வாசலில் நின்று கூப்பிட்டால் அந்தப் பெண் பிறகு எப்படி நிமிர்ந்து போவாள்? கல்யாணம் பேசுகிற வயதுப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். வாய் நாற்றத்தோடு சேர்த்துப் பேசப்படும் வருத்தம் இது. ஒரு மறைப்புக் கட்டி, துண்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.

சரி, பதில்களுக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் வைத்தியராக இருக்கிறார், கிழவர்கள் "டொக்டர் பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு கோடு வந்தவர்களை மட்டும் பார்த்துத் தரும்படி கேட்டோம். அவர் உடனே, ஒரு கோடு வந்தவர்களிலும் சிலரைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கருவி யாரை விட்டுவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். இந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவே இல்லை. அப்படிச் செய்ததால்தான் எனக்கு எழுத ஏதோ இருக்கிறது.

அவர் பார்ப்பது ஒரு மெல்லிய கம்பியால். நுனியில் மில்லிமீற்றர் அடையாளம் இருக்கும். பல்லுக்கும் முரசுக்கும் நடுவே மெதுவாக விட்டு, ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடத்தில் ஆழம் பார்க்கிறார். 3 மில்லிமீற்றர் வரை பரவாயில்லை. 4 என்றால் கவனம், 6 அல்லது அதற்கு மேலே என்றால் எலும்பு கரைந்திருக்க வாய்ப்புக் கூட, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கம்பி பட்டவுடன் இரத்தம் வருகிறதா என்பதையும் குறிக்கிறார். வலிக்குமா என்று கேட்பீர்கள். முரசு நன்றாக இருந்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது, வீங்கி இருந்தால் சுள்ளென்று இருக்கும்.

சுருட்டுப் பெரியப்பா என்று ஒருவர் எங்கள் ஒழுங்கையில். யாழ்ப்பாணச் சுருட்டைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்க மாட்டார், பல்லுக்கு வேப்பங்குச்சி. "எனக்கு ஒரு சொட்டு இரத்தமும் வாறேல்லை, எனக்கென்ன முரசு வருத்தம்" என்று சொல்லிக்கொண்டுதான் துப்பினார். இரண்டு கோடு. நம்பவில்லை, கருவி பழுது என்றார். டொக்டர் பிள்ளை கம்பி விட்டபோது கடைவாய்ப் பற்களைச் சுற்றி 7 மில்லிமீற்றர், ஆனால் உண்மையிலேயே இரத்தம் பெரிதாக வரவில்லை. புகை பிடிக்கிறவர்களுக்கு முரசின் சின்ன இரத்தக் குழாய்கள் சுருங்கியே இருக்கும், அதனால் நோய் உள்ளே ஓடினாலும் வெளியே இரத்தம் காட்டாது என்று அவர் விளக்கினார். எச்சிலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று தேடுகிற வேறு வகைப் பரிசோதனையும் உண்டு, ஜப்பானில் அதைப் பற்றி நிறையப் பார்த்திருக்கிறார்கள். பெரியப்பா மாதிரி ஆளுக்கு அந்த வகையைக் கொடுத்திருந்தால் ஏமாற்றியிருக்கக்கூடும். எச்சில் பரிசோதனை என்று ஒரே பெயரில் பல சாமான்கள் இருக்கின்றன, கையில் உள்ளது நொதியைப் பார்க்கிறதா, இரத்தத்தைப் பார்க்கிறதா, கிருமியின் மரபணுவைப் பார்க்கிறதா என்று முதலில் கேளுங்கள். கிருமி பார்க்கிற வகையை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும், அதில் போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்று பெரிய பெயரோடு பதில் வரும், ஆனால் அந்தக் கிருமி நல்ல முரசு உள்ளவர்களின் வாயிலும் கொஞ்சம் இருக்கலாம். பெயரைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை.

பெரியப்பாவுக்கு நேர் எதிர் ஒரு பெடியன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். பல் தீட்டும்போதெல்லாம் துப்பினால் இரத்தம் என்று பயந்துபோய் வந்தவன். ஒரு கோடு. கம்பியிலும் எங்கும் 3 தாண்டவில்லை, முரசின் விளிம்பு மட்டும் சிவந்து வீங்கியிருந்தது. இதைத் தொடக்க நிலை அழற்சி என்கிறார்கள், எலும்பு இன்னும் போகவில்லை, துப்புரவாக வைத்திருந்தால் முழுதாகவே திரும்பிவிடும். 1965இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும், நல்ல முரசுள்ள ஒரு சிலரைப் பல் தீட்டாமல் இருக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் முரசு வீங்கிவிட்டது, திரும்பத் தீட்டத் தொடங்கியதும் ஒரு கிழமை அளவில் சரியாகிவிட்டது. அந்தப் பெடியனுக்கு இதைச் சொல்லி, இரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விடாதே, அங்கேதான் மெதுவாகக் கூட நேரம் தீட்ட வேண்டும் என்று டொக்டர் பிள்ளை அனுப்பினார். எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வது மறுபக்கம், இரத்தம் கண்டால் அந்தப் பக்கம் பிரஷ் போகாது.

கடைசியில் ஒரு ஆசிரியை. பல் பளிச்சென்று இருக்கும், ஒரு கோடு. டொக்டர் பிள்ளை சும்மா ஒத்துப் பார்க்கத்தான் கூப்பிட்டார். எல்லாப் பல்லும் நல்லது, மேலே ஒரு கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் மட்டும் பல்லுக்கும் முரசுக்கும் நடுவே ஆழமான குழி. எப்படிக் கருவி விட்டது? எச்சில் என்பது முழு வாயின் கூட்டுத்தொகை. ஒரு பல்லில் மட்டும் நோய் என்றால் அதிலிருந்து வருவது மற்றதோடு கலந்து கரைந்துபோகும். பல் பெரும்பாலும் விழுந்து நாலைந்து மட்டும் மிஞ்சியிருக்கிற கிழவர்களுக்கும் இதே பிரச்சினை. அதோடு கருவி காட்டுவது இன்றைக்கு நடக்கிற கரைவை, முன்பு கரைந்துபோனதை அல்ல. அரைவாசி எலும்பு போன ஒருவருக்கு நோய் இப்போது அடங்கியிருந்தால் ஒரு கோடுதான் வரும். வீட்டுக்குப் போய் அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு அவர் சந்தோஷப்படுவார், பல் ஆடிக்கொண்டே இருக்கும்.

டொக்டர் பிள்ளை அன்றைக்கு மத்தியானம் சோறு சாப்பிடும்போது சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பெரிய ஆச்சரியம். உலகத்தில் முரசு நோய் படிக்கிற எல்லோரும் படிக்கிற ஒரு ஆராய்ச்சி எங்கள் மலையகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை வைத்து நடந்தது. அதே ஹரால்ட் லோ குழுவினர் 1970இல் தொடங்கிப் பதினைந்து வருடம் 480 ஆண்களைப் பின்தொடர்ந்தார்கள், 1986இல் கட்டுரை வந்தது. அந்தத் தொழிலாளர்களுக்குப் பல் வைத்தியமும் கிடையாது, பிரஷ் பழக்கமும் கிடையாது, எல்லோர் பல்லிலும் அழுக்கும், அது கல்லாக இறுகிய காரையும். ஆனால் 8 வீதம் பேருக்கு நோய் வேகமாகப் போனது, 81 வீதத்துக்கு நடுத்தரமாக, 11 வீதத்துக்கு முரசு வீங்கியதோடு நின்றுவிட்டது, அதற்கு மேலே போகவே இல்லை. அதே மலை, அதே வேலை, அதே அழுக்கு வாய். அந்த 8 வீதத்தில் யார் விழுவார் என்று பல் விழுவதற்கு முன்பே சொல்ல முடியுமா என்பதுதான் இந்த எச்சில் பரிசோதனைகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிற ஆசை. நியாயமான ஆசைதான். வைத்தியமே கிடைக்காத மனிதர்களின் வாயிலிருந்து உலகம் இவ்வளவு படித்திருக்கிறது என்பதை நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, அது வேறு.

முகாமில் இரண்டு கோடு வந்தவர்களில் கண்ணில் பட்ட இன்னொரு விஷயம், சலரோகக்காரர் நிறையப் பேர். என் அம்மாவும் அதில் ஒருவர். சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனி இறங்காது, இரண்டு பக்கமும் இழுக்கும். முரசை வடிவாகச் சுத்தம் செய்து வைத்தியம் பார்த்தால், இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி அளவு மூன்று நாலு மாதத்தில் சராசரியாக 0.4 புள்ளி அளவில் குறைகிறது என்று ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு குளிசை கூட்டாமல் கிடைக்கிற குறைவு அது. சலரோக கிளினிக்குக்கு மாதா மாதம் போகிறவர்கள் கால் பார்க்கிறார்கள், கண் பார்க்கிறார்கள், வாயை யாரும் திறக்கச் சொல்லுவதில்லை, நீங்களே கேளுங்கள்.

வைத்தியம் என்ன என்று பயப்படுகிறவர்களுக்கு: விறைக்கப்பண்ணி, பல்லின் மேலும் முரசுக்குக் கீழே வேரிலும் ஒட்டியிருக்கிற காரையைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு மூன்று மாத அளவில் திரும்பக் கம்பி விட்டுப் பார்ப்பார்கள். கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்று எங்கள் ஊரில் ஒரு கதை இருக்கிறது. எலும்பு கரைந்த பல்லைக் காரைதான் பூச்சுப் போலப் பிடித்துவைத்திருக்கும், அதை எடுத்தால் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியும், அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அதனால்தான் பல்லில் கல் படிகிறது என்று இன்னொரு கதை. படிகிற கல்சியமும் பொஸ்பேற்றும் எச்சிலிலேயே இருக்கிறது. எச்சில் சுரப்பி திறக்கிற இடங்களான கீழ் முன்பல்லின் உட்புறமும் மேல் கடைவாயின் கன்னப்பக்கமும்தான் முதலில் கட்டும், கண்ணாடியில் பார்த்தால் உங்களுக்கே தெரியும். கேத்தலில் படிகிறதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

திரும்ப ஒரு முகாம் வைத்தால் முறையை மாற்றுவோம் என்று கூட்டத்தில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். முதலில் பல் வைத்தியரின் நாளை வாங்கிவிட்டுத்தான் அறிவித்தல் ஒட்டுவது, ஏனென்றால் இரண்டு கோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போக இடமில்லாமல் அனுப்பினால் அந்த ஆள் அடுத்த நாளே தாளைக் கசக்கி எறிந்துவிடுவார். எங்களிடமும் சிலர் அப்படித்தான் தவறிப்போனார்கள். கருவியை எல்லோருக்கும் கொடுக்க மாட்டோம், அவ்வளவு விலைப்பட்ட சாமானை. சலரோகக்காரருக்கும், புகைக்கிறவர்களில் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று அடம்பிடிக்கிறவர்களுக்கும் மட்டும். பல் ஆடுகிறவர், சீழ் வருகிறவர், வெற்றிலை போடுகிறவர் வரிசைக்கே வரத் தேவையில்லை, நேரே டொக்டர். கர்ப்பிணித் தாய்மாரைக் கிளினிக்கில் எப்படியும் பல் பார்க்க அனுப்புகிறார்கள், அந்தத் துண்டை மறக்காமல் கொண்டுபோனால் போதும். துப்ப வருகிறவர்கள் அதற்கு முன் அரை மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் இருக்க வேண்டும், வரும் வழியில் அழுத்திப் பல் தீட்டிவிட்டும் வரக்கூடாது.

நாங்கள் விசாரித்த பாமசிகளில் இந்தக் கருவியைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை, ஆகவே வெளிநாட்டுச் சொந்தங்களைத்தான் நம்பியிருக்க வேண்டும். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அனுப்புகிற கருவியின் முடிவுத் திகதியையும் எந்தச் சூடு தாங்கும் என்பதையும் பார்த்து அனுப்புங்கள், விளக்கத் தாளைத் தமிழில் எழுதி வையுங்கள், ஜேர்மன் மொழித் தாளை மச்சாள் இல்லாத நேரத்தில் நாங்கள் படம் பார்த்துத்தான் புரிந்துகொண்டோம். பெட்டியில் இடம் மிஞ்சினால் பல் இடுக்குக்குள் விடுகிற சின்ன பிரஷ் இருக்கிறதே, அதை அளவு அளவாகப் போட்டு நிரப்புங்கள். டொக்டர் பிள்ளை எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தது அதைத்தான், நாங்கள் கேட்ட கடைகளில் எல்லா அளவும் ஒன்றாகக் கிடைக்கவில்லை. சுருட்டுப் பெரியப்பாவுக்கு மட்டும் இரண்டு மூன்று பக்கட் வேண்டும், பாதியை அவர் சுருட்டுக் குழல் துப்புரவாக்க எடுத்துவிடுவார் என்று பெரியம்மா இப்போதே சொல்லிவிட்டார்.